ஆயுத பூஜைக்குப் பெயிண்ட் அடித்து நான் கெடுத்த டிரெய்லர்: பலகைத் தளத்தை மீட்டுக் காப்பது எப்படி

பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் எங்களுக்குப் பந்தல், பாத்திர வாடகைத் தொழில். குழாய், நாற்காலி, அண்டா, அடுப்பு என்று எல்லாவற்றையும் சுமந்துகொண்டு பிக்கப் வண்டிக்குப் பின்னால் ஓடும் இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்று வைத்திருக்கிறோம். எட்டடி நீளம், ஐந்தடி அகலம். அடியில் இரும்புச் சட்டம், மேலே மரப்பலகை.

சில வருடங்களுக்கு முன்பு ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் இருக்கும்போது அதன் தளத்துக்குப் பச்சை எனாமல் பெயிண்ட் இரண்டு கோட் அடித்தேன். முந்தின வாரம் முழுக்க மழை. பலகை தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருந்தது. மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, தெருவே பார்க்கும்படி நிறுத்தினோம். பொங்கல் வருவதற்குள் பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டது. மார்ச்சில் சாம்பார் அண்டாவை ஏற்றிய பையனின் கால் பலகைக்குள் இறங்கிவிட்டது. நல்ல வேளை, சிராய்ப்போடு போயிற்று. அந்தப் பலகையைக் கழற்றிப் புரட்டினேன். மேலே புதுப் பச்சை, கீழே காபியில் நனைத்த பிஸ்கட். விரலால் கிள்ளினால் வந்தது.

அதன் பிறகு தளம் முழுவதையும் கழற்றி மாற்றினேன். அப்போது கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். டிராக்டர் டிரெய்லர், சின்ன லோடு வண்டி, தண்ணீர் டேங்க் வைக்கும் மேடை என மரப்பலகைத் தளம் எதுவாக இருந்தாலும் முறை இதேதான்.

முதலில், பலகை ஏன் அழுகுகிறது

மழை மேலே விழுவதால் பலகை அழுகுவதில்லை. விழுந்த தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் நிற்பதால்தான் அழுகுகிறது. மரத்தைத் தின்பது பூஞ்சை. அதற்கு ஈரம் வேண்டும். காய்ந்த மரத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக ஈரம் இருந்தால் பூஞ்சையால் ஒன்றும் செய்ய முடியாது. நனைந்த பலகை இரண்டு நாள் வெயிலில் காய்ந்துவிட்டால் பிரச்சினையே இல்லை. காயவிடாமல் நாமே மூடி வைத்தால்தான் வினை. என் பச்சைப் பெயிண்ட் செய்ததும் அதுதான்: மழையை வெளியே நிறுத்தவில்லை, உள்ளே போன மழையைப் பூட்டி வைத்தது.

தண்ணீர் உள்ளே போகும் இடங்கள் மூன்று. ஒன்று, பலகையின் வெட்டுமுனை. மரம் உயிரோடு இருந்தபோது தண்ணீரை மேலே ஏற்றிய நுண்குழாய்கள் அங்கேதான் வாய் திறந்து கிடக்கின்றன. மேல்பரப்பு ஒரு மடக்கு குடிக்கும் நேரத்தில் முனை பல மடக்கு குடித்துவிடும். இரண்டு, போல்ட் துளை. மூன்று, பலகை இரும்புச் சட்டத்தின்மேல் உட்காரும் பட்டை. அங்கே வெயிலும் படாது, காற்றும் போகாது. எந்தப் பழைய டிரெய்லரையும் கீழே குனிந்து பாருங்கள், சட்டத்துக்கு நேர் மேலேதான் அழுகல் ஆரம்பித்திருக்கும்.

எப்போது செய்வது

பெங்களூரில் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை. காற்று வறண்டிருக்கும், மழை அநேகமாக இருக்காது. ஏப்ரல், மேயில் சாயங்கால இடிமழை வந்துவிடும். ஜூனில் தொடங்கினால் அக்டோபர் வரை நம்ப முடியாது. செப்டம்பரும் அக்டோபரும்தான் இங்கே மழை கொட்டும் மாதங்கள். ஆயுத பூஜை சரியாக அதற்குள் வந்து விழுகிறது. வண்டிக்கு மரியாதை செய்ய வேண்டும் என்றால் கழுவிப் பொட்டு வையுங்கள், வாழைக்கன்று கட்டுங்கள். பெயிண்ட் டப்பா மட்டும் வேண்டாம். எங்கள் தொழிலில் மாசி, பங்குனியில் முகூர்த்தங்களுக்கு நடுவே ஒரு வாரம் கிடைக்கும். அதுதான் நான் எடுத்துக்கொண்ட வாரம்.

குத்திப் பார்ப்பது

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் கொடுத்து, முன் கொக்கியையும் பின்பக்கத்தையும் முட்டுக் கொடுத்து நிறுத்துங்கள். இரண்டு சக்கர டிரெய்லரில் பின்னோரம் ஏறி நின்றால் முன்பக்கம் தூக்கிவிடும். முட்டு இல்லாமல் மேலே ஏறவே ஏறாதீர்கள்.

நன்றாகக் கூட்டிவிட்டு, கூரான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முனைகள், போல்ட்டைச் சுற்றி, சட்டத்துக்கு மேலே என்று ஒவ்வொரு இடமாகக் குத்தி, நெம்பிப் பாருங்கள். நல்ல மரம் என்றால் நுழையாது. நெம்பினால் நீளமான சிம்பாக, சத்தத்தோடு உரியும். கெட்ட மரம் சத்தமில்லாமல் உள்வாங்கும், நெம்பினால் துண்டு துண்டாக உடையும். கீழிருந்தும் இதையே செய்யுங்கள். மேலே மட்டும் பார்த்து முடிவெடுப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தப்பு, நானும் செய்ததுதான்.

சாம்பல் நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது வெயில் தின்ற மேல் தோல், ஒரு தாள் கனம்கூட இருக்காது. போல்ட்டைச் சுற்றிக் கறுப்பாக இருந்தாலும் உடனே அழுகல் என்று நினைக்காதீர்கள். மரத்தின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் மை மாதிரி கறுக்கும். குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எல்லாப் பலகையும் கெட்டியாக இருந்தால் மாற்றும் வேலை மிச்சம். கழுவி, தேய்த்து, எண்ணெய் விடும் பகுதிக்கே போய்விடலாம். ஒன்றிரண்டு மட்டும் போயிருந்தால் அவற்றை மட்டும் மாற்றுங்கள். பத்தில் நாலுக்கு மேல் போயிருந்தால் மொத்தமாகக் கழற்றுவது என் கட்சி. மீதியும் அதே வயது, அதே மழை குடித்தவைதான். அதோடு, அடியில் இரும்புச் சட்டத்தைப் பார்க்க வேறு வாய்ப்பு வராது.

கழற்றுவது

போல்ட் எல்லாம் துருப்பிடித்து நட்டோடு ஒட்டிப்போயிருக்கும். முந்தின நாள் இரவே துரு இளக்கும் ஸ்பிரே அடித்து வைத்தால் பாதி திறந்துவிடும். மீதியை கிரைண்டரில் வெட்டத்தான் வேண்டும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும். காய்ந்த பலகை, மரத்தூள், பழைய ஆயில், இவற்றின்மேல் கிரைண்டர் பொறி விழுந்தால் புகைய ரொம்ப நேரம் ஆகாது. டெயில் லைட் வயர் பலகைக்கு அடியில்தான் ஓடும், வெட்டுவதற்கு முன் தேடி ஒதுக்கிக் கட்டிவிடுங்கள். நான் அதையும் சேர்த்து வெட்டினேன்.

பழைய பலகையைத் தூக்கி எறிவதற்கு முன் நல்லதாக இருக்கும் ஒன்றைத் தனியாக வையுங்கள். புதுப் பலகையில் துளை குறிக்க அதுதான் அளவு.

இரும்புச் சட்டம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கம்பி பிரஷ்ஷால் துருவை உரித்து, மண்ணெண்ணெய் துணியால் துடைத்து, ரெட் ஆக்சைடு ஒரு கோட், மறுநாள் அதன்மேல் கறுப்பு எனாமல் இரண்டு கோட். சேனல் ஓட்டை விழுந்திருந்தாலோ வெல்டிங் விரிந்திருந்தாலோ முதலில் பட்டறைக்குப் போய்ச் சரிசெய்துகொண்டு வாருங்கள்.

சுருக்கமாகச் சொல்லக் கூடாத விஷயம் ஒன்று உண்டு. பெயிண்ட் காய்ந்ததும், பலகை உட்காரப்போகும் ஒவ்வொரு குறுக்குச் சட்டத்தின்மேலும் கூரைக்குப் போடும் தார் ஷீட்டைப் பட்டையாக வெட்டி ஒட்டுங்கள். சட்டத்தின் அகலத்தைவிட இரண்டு பக்கமும் அரை அங்குலம் அதிகமாக விட்டு, ஓரத்தைக் கீழ்நோக்கி மடித்துவிட வேண்டும். பலகை இடுக்கில் இறங்கும் தண்ணீர் சட்டத்தில் தங்காமல், ஓட்டுத் தாழ்வாரத்தில் சொட்டுவது மாதிரி வெளியே சொட்டிவிடும். செலவு சொற்பம். என் டிரெய்லரில் ஐந்து குறுக்குச் சட்டம், ஒரு மணி நேர வேலை.

மரம் வாங்குவது

பெங்களூரில் மரம் வாங்க சிவாஜிநகர் பக்கம் பம்பூ பஜார், மைசூர் ரோட்டில் டிம்பர் யார்டு லேஅவுட் என்று மண்டிகள் உண்டு. பேச்சு பெரும்பாலும் கன்னடத்திலும் இந்தியிலும் நடக்கும். ஆகவே பெயர் தெரிந்திருப்பது நல்லது. நம் வேங்கை அவர்களுக்கு ஹொன்னே. கருமருது அவர்களுக்கு மத்தி. இரண்டுமே தளத்துக்கு ஏற்ற, கனமான, வெயில் மழை தாங்கும் மரங்கள். தேக்கு நிச்சயம் தாங்கும், ஆனால் அண்டா இழுக்கும் தளத்துக்குத் தேக்கு போடுவது பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பாத்திரம் தேய்ப்பது மாதிரி. சில்வர் ஓக், பைன் விலை குறைவுதான். வெளியில் கிடக்கும் வண்டிக்கு மருந்து ஏற்றாமல் அவற்றைப் போடாதீர்கள்.

மரத்தின் பெயரைவிட முக்கியம், அதன் எந்தப் பாகம் என்பது. வைரம் பாய்ந்த கட்டை என்று சொல்கிறோமே, அந்த உள்வைரம்தான் நிற்கும். அதைச் சுற்றி வெளிறிய நிறத்தில் இருக்கும் வெள்ளைக்கட்டை எந்த மரத்தினுடையதாக இருந்தாலும் சீக்கிரம் போய்விடும். வேங்கையின் வெள்ளையும் அப்படித்தான். எனக்கு ஒரு மண்டியில் ஹொன்னே என்று கொடுத்த பத்துப் பலகையில் மூன்று ஓரம் முழுக்க வெள்ளை. வீட்டுக்கு வந்து முனையைச் செதுக்கிய பிறகுதான் தெரிந்தது. மண்டியிலேயே முனையைச் செதுக்கச் சொல்லிப் பாருங்கள், கூச்சப்பட வேண்டாம். என்ன மரம் என்றே சந்தேகமாக இருந்தால், மல்லேஸ்வரம் 18-ஆவது கிராஸில் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. மரத்துண்டைப் பார்த்து இன்ன மரம் என்று அடையாளம் சொல்வது அவர்கள் வேலைகளில் ஒன்று. ஒரு டிரெய்லருக்காக அங்கே போவது அதிகம்தான். நாலைந்து வண்டி கட்டுகிறவர்களுக்கு உபயோகப்படும்.

அளவுக் கணக்கு: மரம் கன அடியில்தான் விற்பார்கள். எட்டடி நீளம், ஆறு அங்குல அகலம், ஒன்றரை அங்குலக் கனம் உள்ள ஒரு பலகை சரியாக அரை கன அடி. என் தளத்துக்குப் பத்துப் பலகை, ஆக ஐந்து கன அடி. வெடிப்பு, கணு, வெள்ளை என்று கழிக்க அரை கன அடி சேர்த்து வாங்குங்கள். இழைத்து முடிக்கும்போது அகலம் ஐந்தே முக்கால் அங்குலமாகிவிடும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மண்டிப் பலகை பெரும்பாலும் பச்சையாக இருக்கும். நிழலில், நடுவே குச்சி வைத்து அடுக்கிக் காயவிடுங்கள். காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? ஒரு பலகையில் குறி வைத்து, வாரம் ஒரு முறை தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நிற்கும்போது மரம் காய்ந்துவிட்டது. எங்களிடம் அரிசி நிறுக்கும் தராசு இருந்தது, அதிலேயே வைத்துப் பார்த்தேன். முதலில் வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே வந்தது, பிறகு முள் அசையவே இல்லை.

பிளைவுட் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். போடலாம், ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளை என்றால். ஐஎஸ் 303 முத்திரையில் வருவது வீட்டுக்குள் வைக்கும் சாமானுக்கு. 18 மி.மீ. கனத்துக்குக் குறையாமல் வாங்கி, வெட்டிய ஓரம் ஒவ்வொன்றையும் பெயிண்ட்டோ எப்பாக்சியோ வைத்து அடைக்க வேண்டும். ஆனால் பிளைவுட்டில் ஒரு மூலை ஊறினால் முழு ஷீட்டையும் மாற்ற வேண்டியிருக்கும். பலகை என்றால் ஒன்றைக் கழற்றி ஒன்றைப் போடலாம். எனக்குப் பலகைதான் பிடித்திருக்கிறது.

மாட்டுவதற்கு முன்: வெட்டு, துளை, மருந்து

இந்த வரிசை முக்கியம். முதலில் வெட்ட வேண்டியதை எல்லாம் வெட்டி, துளைக்க வேண்டியதை எல்லாம் துளைத்துவிட வேண்டும். அப்புறம்தான் மருந்தும் எண்ணெயும். மருந்து போட்ட பிறகு வெட்டினால், அந்த வெட்டு முகம் ஒரு துளி மருந்தும் பார்க்காத பச்சை மரம்.

மருந்து என்று நான் சொல்வது போராக்ஸும் போரிக் ஆசிட்டும். ஒரு லிட்டர் வெந்நீருக்கு போராக்ஸ் 60 கிராம், போரிக் ஆசிட் 40 கிராம் என்று கரைத்து, பலகையின் எல்லாப் பக்கமும் பிரஷ்ஷால் இரண்டு மூன்று தடவை தாராளமாகத் தடவ வேண்டும். முனைகளை ஒரு வாளிக் கரைசலில் நிற்க வைத்து ஊறவிட்டால் இன்னும் நல்லது. பூஞ்சைக்கும் வண்டுக்கும் இது ஆகாது. கையுறை போடுங்கள், சமையல் பாத்திரத்தில் கரைக்காதீர்கள், குழந்தைகள் கைக்கு எட்ட விடாதீர்கள். இந்த மருந்தின் குறை ஒன்றே ஒன்று: தண்ணீரில் கரைந்து உள்ளே போனது, மழையில் கரைந்து வெளியேயும் வந்துவிடும். அதனால் இது மட்டும் போதாது, மேலே எண்ணெய் கட்டாயம். மருந்து தடவியதும் பலகையைத் திரும்பவும் நாலைந்து நாள் நிழலில் காயவிடுங்கள்.

எண்ணெய்

எஸ்.பி. ரோடு பக்கம் ஹார்டுவேர் கடைகளில் டபுள் பாயில்டு லின்சீட் ஆயில் என்று கேளுங்கள். ஆளிவிதை எண்ணெய்தான். பச்சை எண்ணெய் வாங்கினால் வாரக்கணக்கில் பிசுபிசுக்கும், காய்ச்சியதுதான் வேண்டும். பத்துப் பலகைக்கு எல்லாப் பக்கமும் சேர்த்தால் கிட்டத்தட்ட 100 சதுர அடி வரும். நான் நாலு லிட்டர் எண்ணெயும் இரண்டு லிட்டர் டர்பன்டைனும் வாங்கினேன், கொஞ்சம் மிஞ்சியது.

முதல் கோட் பாதிக்குப் பாதி டர்பன்டைன் கலந்து. தண்ணியாக இருந்தால்தான் உள்ளே இறங்கும். தடவி அரை மணி நேரம் விட்டு, குடிக்காமல் மேலே நிற்கும் எண்ணெயைத் துணியால் அழுத்தித் துடைத்துவிடுங்கள். துடைக்காவிட்டால் அது பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு தூசியை எல்லாம் இழுத்துக்கொள்ளும். மறுநாளோ அதற்கு மறுநாளோ இரண்டாவது கோட், டர்பன்டைன் குறைவாக. மூன்றாவது கோட் எண்ணெய் மட்டும். முனைகளுக்கும் துளைகளுக்கும் ஒவ்வொரு முறையும் இரண்டு மடங்கு. துளைக்குள் பழைய பல் துலக்கும் பிரஷ் நன்றாகப் போகும்.

வெயில் தளத்தில் நேராக அடிக்கும் என்றால், கடைசிக் கோட்டில் காவிப்பொடி கொஞ்சம் கலந்துகொள்ளுங்கள். நிறமில்லாத எண்ணெய் வெயிலைத் தடுக்காது. காவி என்பது இரும்புத் துரு நிறம், வெயிலில் வெளுக்காது, மரத்துக்குக் குடை பிடிக்கும். எங்கள் வண்டி இப்போது கோயில் மதில் நிறத்தில் இருக்கிறது, பார்க்கவும் மோசமில்லை.

இப்போது ஒரு எச்சரிக்கை. இதைப் படிக்காமல் தாண்டிப் போகாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானாகவே தீப்பிடிக்கும். எண்ணெய் காய்வது என்பது காற்றோடு சேர்வது. அப்போது சூடு கிளம்பும். விரித்துப் போட்ட துணியில் அந்தச் சூடு பறந்துவிடும், சுருட்டியதில் உள்ளேயே சேரும். முதல் நாள் வேலை முடிந்து துணிகளை ஒரு பக்கெட்டில் அமுக்கிப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது கோடவுனில் கருகல் வாடை. பக்கெட்டுக்குள் கையை விட்டேன், நடுத்துணி இட்லித் தட்டு மாதிரி சுட்டது. ஷாமியானாத் துணி அடுக்கிய கோடவுன் அது. நல்ல நேரம். வேலை முடிந்ததும் துணியை வெட்டவெளியில், கொடியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயவிடுங்கள். அல்லது தண்ணீர் நிரம்பிய மூடி போட்ட தகர டப்பாவில் அமுக்கி வையுங்கள்.

முந்திரி ஓட்டு எண்ணெயையும் சிலர் சொல்வார்கள். கடற்கரையில் படகுக்குத் தடவும் எண்ணெய் அது, மரத்துக்கு அருமையானது. ஆனால் தோலில் பட்டால் வெந்து கொப்புளிக்கும். பழக்கமில்லாதவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

மாட்டுவது

பலகைக்குப் பலகை இடைவெளி விட வேண்டும். ஆசாரிகள் கணக்கில் (எட்டு நூல் ஒரு அங்குலம்) ஒன்றரை நூல், அதாவது ஐந்து மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. அந்தக் கனத்தில் ஒரு ஆணியை நடுவே வைத்துக்கொண்டு அடுக்கினால் அளவு மாறாது. பத்துப் பலகை, ஒன்பது இடைவெளி, எல்லாம் போக ஐந்தடியில் இரண்டு ஓரத்திலும் மூன்று நூல் மிஞ்சும். சரியாக இருக்கும். மரம் மழையில் அகலத்தில் விரியும், நீளத்தில் அநேகமாக விரியாது. இடைவெளி இல்லாமல் இறுக்கினால் முதல் மழையில் ஒன்றை ஒன்று நெருக்கி, நடுவில் கூன் போட்டுவிடும். பலகை முழுக்கக் காயவில்லை என்று தெரிந்தே மாட்டுகிறீர்களா? அப்படியானால் இடைவெளியே வேண்டாம், ஒட்டி மாட்டுங்கள். ஆறு அங்குலப் பலகை காயும்போது இரண்டு நூல் வரை தானே சுருங்கிவிடும்.

எனக்கு இதெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் ஆரணியிலிருந்து வந்து அல்சூரில் குடியேறிய ஒரு பெரியவர், ஆசாரி. முதல் பலகையை நான் ஒட்ட வைத்ததைப் பார்த்துவிட்டு, "தம்பி, மரம் செத்துப்போச்சுன்னு நெனச்சியா? அது இன்னும் மூச்சு விடுது, எடம் குடு" என்றார். எந்தப் பக்கம் மேலே வரவேண்டும் என்று கேட்டேன். முனையில் வளையக் கோடுகளைப் பார், மரத்தின் நடுப்பக்கம் மேலே இருக்கட்டும், காயும்போது நடு உயர்ந்து தண்ணீர் வழியும் என்றார். அவர் மச்சானும் ஆசாரிதான், அவர் நேர் எதிர்க் கட்சி: நடுப்பக்கம் மேலே வந்தால் சிம்பு கிளம்பும் என்பார். நான் பெரியவர் பேச்சைக் கேட்டேன். இரண்டு பலகையில் சிம்பு கிளம்பியது உண்மைதான், ஆனால் தண்ணீர் எதிலும் நிற்கவில்லை.

குமிழ்த் தலை உள்ள, கழுத்து சதுரமாக இருக்கும் போல்ட் வாங்குங்கள். துத்தநாக முலாம் பூசியது, 8 மி.மீ. தடிமன், 65 மி.மீ. நீளம். பலகைக்கு இரண்டு முனையிலும் இரண்டிரண்டு, நடுவில் இருக்கும் மூன்று சட்டத்திலும் ஒவ்வொன்று. ஆக ஒரு பலகைக்கு ஏழு, மொத்தம் எழுபது. முனையிலிருந்து குறைந்தது இரண்டு அங்குலம் தள்ளித் துளை போடுங்கள், இல்லாவிட்டால் பலகை வெடிக்கும். இரும்புச் சட்டத்தில் போடும் துளை அரை நூல் தாராளமாக இருக்கட்டும், மரம் அசையும்போது போல்ட்டும் கொஞ்சம் நகரட்டும். மாட்டும்போது ஒவ்வொரு போல்ட்டின் கழுத்திலும் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். கீழே அகல வாஷர், அப்புறம் நட்டு. தலை மரத்தில் புதைந்து குழியாகும்வரை முறுக்காதீர்கள். அந்தக் குழிதான் அடுத்த வருடத்துக் குளம்.

செய்யக் கூடாதவை, எல்லோரும் செய்கிறவை

பழைய என்ஜின் ஆயில். கலாசிப்பாளையத்தில் லோடு வண்டிக்காரர்கள் யாரைக் கேட்டாலும் வேஸ்ட் ஆயில் ஊற்று என்பார்கள். ஓசியில் கிடைக்கிறது என்பதைத் தவிர அதில் நல்லது எதுவும் எனக்குத் தெரியவில்லை. காயாது, வழுக்கும், மழையில் வழிந்து சாக்கடைக்குப் போகும், என்ஜின் தேய்ந்த உலோகத் தூளெல்லாம் அதில் இருக்கும். அதன்மேல் பிறகு வேறு எதுவும் ஒட்டாது. நாங்கள் ஜமக்காளம் ஏற்றுகிறவர்கள், எங்களுக்குச் சுத்தமாக ஆகாது.

தகரம். தளம் தேய்கிறது என்று பலகைமேல் முழுத் தகரமோ செக்கர் ஷீட்டோ அடிப்பது. ஆணித் துளை வழியாகத் தண்ணீர் இறங்கும், இறங்கியது ஏறாது. மேலே பளபளப்பாக இருக்கும்போதே அடியில் மரம் மண்ணாகிக்கொண்டிருக்கும், கால் போகும்வரை தெரியாது. என் பச்சைப் பெயிண்ட்டின் பெரிய அண்ணன் இது. குழாய் இழுத்து இழுத்துத் தேய்கிறது என்றால், ஒரு அங்குல அகல இரும்புப் பட்டை நாலைந்து வாங்கி, பலகையின் நீளவாக்கில் ஸ்க்ரூ போட்டு முடுக்குங்கள். குழாய் பட்டையின்மேல் ஓடும், மரத்துக்குக் காற்றும் கிடைக்கும். ரப்பர் பாய் விரிப்பதானால் சுமை இறக்கியதும் சுருட்டிவிட வேண்டும்.

வார்னிஷும் அப்படித்தான். வீட்டுக் கதவுக்கு நல்லது. அண்டா அடி பட்டு ஒரு கீறல் விழுந்தால் அதன் வழியே தண்ணீர் புகுந்து, படலத்துக்கு அடியில் பரவும். அழகு வேண்டுமென்றால் பக்கப் பலகைகளுக்கும் பின்கதவுக்கும் பெயிண்ட் அடியுங்கள், கடையின் பெயர் எழுதுங்கள், எலுமிச்சை மிளகாய் படம் போடுங்கள். அவை செங்குத்தாக நிற்பவை, தண்ணீர் நிற்காது.

ஒரு சட்ட விஷயமும்: பழைய பலகைக்குப் பதில் அதே அளவில் புதுப் பலகை போடுவது பழுதுபார்ப்பு. தளத்தை நீட்டுவது, பக்கத்தை உயர்த்துவது எல்லாம் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்லும் மாற்றத்துக்குள் வந்துவிடலாம். ஆசைப்பட்டு ஒரு அடி கூட்டுவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பழைய பலகை நன்றாகவே இருந்தால்

குத்திப் பார்த்ததில் எல்லாம் கெட்டி என்றால் உங்கள் வேலை சுலபம். முதல் நாள் சோப்புத் தூள் தண்ணீரும் தேங்காய் நார் பிரஷ்ஷும் வைத்து மரக்கோட்டின் போக்கிலேயே தேய்த்துக் கழுவுங்கள். பிரஷர் வாஷர் இருந்தால் ஒன்றரை அடி தள்ளியே பிடியுங்கள். கிட்டே போனால் மென்மையான நாரை எல்லாம் அரித்து, பலகையைத் துடைப்பம் மாதிரி ஆக்கிவிடும். இடுக்குகளில் அடைந்த மண், சோறு, பூவிதழ் எல்லாவற்றையும் ஆக்சா பிளேடால் சுரண்டி எடுங்கள். பாதி அழுகல் அந்தக் குப்பையிலிருந்துதான் தொடங்குகிறது. நாலைந்து நாள் வெயிலில் காய்ந்ததும், 60 நம்பர் உப்புத்தாளால் சிம்பு போகத் தேய்த்தால் போதும், வழவழப்பு வேண்டாம், கால் வழுக்கும். அப்புறம் மேலே சொன்னபடி எண்ணெய், கீழே படுத்து அடிப்பக்கத்துக்கும் சேர்த்து. முதுகு வலிக்கும், ஆனால் அடிப்பக்கத்தை விட்டால் செய்த வேலையில் பாதி வீண்.

பிறகு வருடா வருடம்

மாட்டிய ஒரு மாதம் கழித்து எழுபது நட்டையும் ஒரு சுற்று முடுக்குங்கள். மரம் சுருங்கியிருக்கும், பாதி நட்டு தளர்ந்திருக்கும்.

எண்ணெய் எப்போது திரும்பப் போட வேண்டும் என்பதைத் தண்ணீரே சொல்லும். டிசம்பரில் மழை ஓய்ந்த பிறகு ஒரு முறை, ஏப்ரலில் கோடை மழைக்கு முன் ஒரு முறை, காய்ந்த தளத்தில் கையால் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி முத்து முத்தாக நின்றால் விட்டுவிடலாம். ஐந்து நிமிடத்தில் உறிஞ்சிக் கறுத்தால் ஒரு கோட் தேவை. எங்கள் வண்டியில் பின்பக்க மூன்றடிதான் முதலில் உறிஞ்சும், ஈர அண்டாக்களை அங்கேதான் இறக்குகிறோம். ஆகவே அந்த மூன்றடிக்கு மட்டும் வருடத்துக்கு இரண்டு தடவை, மீதிக்கு ஒரு தடவை.

கடைசியாக, நிறுத்துவது. சும்மா நிற்கும்போது டிரெய்லரை மட்டமாக நிறுத்தாதீர்கள். முன் கொக்கிக்குக் கீழே நாலு செங்கல் கூடுதலாக வைத்து முன்பக்கத்தை உயர்த்திவிட்டு, பின்கதவைத் திறந்து விடுங்கள். விழுந்த மழை பின்னால் ஓடிவிடும். தார்ப்பாய் போடுவதானால் தளத்தின்மேல் போர்வை மாதிரி போர்த்தாதீர்கள். குறுக்கே ஒரு குழாயைக் கட்டி, அதன்மேல் கூடாரம் மாதிரி இழுத்து, இரண்டு பக்கமும் காற்று போக விட்டுக் கட்டுங்கள். பந்தல்காரன் சொல்கிறேன், முடிச்சை மட்டும் இறுக்கமாகப் போடுங்கள்.